வெள்ளாட்டுக்கு ஒரு கறவை மேடை

பால் என்றவுடன் பசுவும் எருமையுமே நம் நினைவுக்கு வருகின்றன. சேலம் மாவட்டத்தில் கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடையே அமைந்த கெங்கவல்லிப் பகுதியிலும் வெள்ளாடு பெரும்பாலும் இறைச்சிக்காகவே வளர்க்கப்படுகிறது. சேலம் கருப்பு என்னும் இனமும் இறைச்சிக்கே பெயர் பெற்றது. எனினும், குட்டி குடித்தது போக மிஞ்சும் பால் வீட்டுக்குப் பயன்படும். அதைக் கறக்கத்தான் இருவர் தேவைப்படுகின்றனர். ஒருவர் ஆட்டின் கழுத்தைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் குந்தி அமர்ந்து கறக்கிறார். ஆடு ஒருமுறை உதைத்தால் பாத்திரம் கவிழும்; கவிழாவிட்டாலும் பாலில் மண்ணும் புழுக்கையும் விழும்.

இவ்வேலையை ஒருவரே செய்ய உதவுவது கறவை மேடை. சில பலகைகளையும் சட்டங்களையும் கொண்டு இதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

அச்சமும் பாலும்

மடியைத் தொட்டவுடன் ஆட்டின் மூளைக்குச் செய்தி செல்கிறது. அங்கிருந்து ஆக்சிடோசின் என்னும் இயக்குநீர் இரத்தத்தில் கலந்து மடியை அடைகிறது. பால் சுரக்கும் நுண்ணறைகளைச் சுற்றியுள்ள தசை சுருங்கிப் பாலைக் கீழே இறக்குகிறது. ஆடு மிரண்டால் அட்ரினலின் சுரந்து இச்செயலைத் தடுத்துவிடும். வெள்ளாட்டின் மடியில் காம்புக்கு மேலுள்ள அறையிலேயே பெரும்பகுதிப் பால் தேங்கி நிற்பதால், மிரண்ட ஆட்டிலும் ஓரளவு பால் கறக்க முடியும். ஆனால் எஞ்சிய பால் மடியிலேயே தங்கிவிடும்.

ஆகவே ஆட்டைக் கட்டி இழுப்பதால் பயனில்லை. அது தானாக வந்து நிற்க வேண்டும். உயரமான இடத்தில் ஏறுவதும் தீனியைத் தேடுவதும் வெள்ளாட்டின் இயல்பு. மேடையின் அமைப்பு இவ்விரண்டையும் பயன்படுத்திக்கொள்கிறது.

செய்யும் முறை

மேடைப் பலகை ஏறத்தாழ 110 செ.மீ. நீளமும் 55 செ.மீ. அகலமும் தரையிலிருந்து 40 முதல் 45 செ.மீ. உயரமும் இருக்கலாம். பெரிய ஆடாயின் அளவைச் சற்றுக் கூட்டுக. கால்களைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்தால் மேடை ஆடாது. பலகை வழவழப்பாக இருந்தால் குளம்பு வழுக்கும். பழைய கோணியை இழுத்து ஆணியடித்தால் போதும். அதை அடிக்கடி கழுவிக் காயவைக்க வேண்டும்.

மேடையின் முன்புறம் கழுத்துச் சட்டம் அமைகிறது. இதில் செங்குத்தாக இரண்டு கட்டைகள் உண்டு. ஒன்று அசையாதது. மற்றொன்று அடியில் ஒரு போல்ட்டில் மட்டும் பொருத்தப்பட்டு, மேற்பகுதி பக்கவாட்டில் சாயக்கூடியது. கட்டை சாய்ந்திருக்கும்போது கொம்புடன் தலை நுழையும். நிமிர்த்தி முளையடித்துவிட்டால் இடைவெளி சுமார் 10 செ.மீ. ஆகிறது. கழுத்து தலையைவிடக் குறுகலாக இருப்பதால், ஆட்டுக்கு நோவு இல்லை. ஆனால் தலையைப் பின்னிழுக்க முடியாது. சட்டம் கழுத்தை நெரிக்கலாகாது. தலை மேலும் கீழும் தாராளமாக அசைய வேண்டும். சட்டத்துக்கு முன்னால் தீனிப் பெட்டி ஒன்றைப் பொருத்துக.

பயன்படுத்தும் முறை

முதல் சில நாட்களுக்குக் கறக்காமல், மேடையில் தீனி மட்டும் கொடுத்துப் பழக்குக. பின்னர் மடியைக் கழுவித் துடைத்து, முதல் சில பீச்சல்களைத் தனிக் கிண்ணத்தில் பிடித்துப் பார்க்கவும். திரிதிரியாகவோ இரத்தம் கலந்தோ இருந்தால் அது மடிவீக்க நோயின் அறிகுறி. காம்பை இழுக்கக் கூடாது. அதன் மேற்பகுதியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அடைத்து, மற்ற விரல்களால் வரிசையாக அழுத்த வேண்டும். குளம்பு வெட்டவும் மருந்து புகட்டவும் இதே மேடை உதவும். ஆட்டைப் பூட்டிவிட்டு அப்பால் செல்லாதீர்கள். கால் தவறி விழுந்தால் கழுத்து நெரிபடும்.

மேடையில் கறந்த பால் தூய்மையாகத் தோன்றினாலும் காய்ச்சியே குடிக்க வேண்டும். மால்ட்டாத் தீவில் பலரை வாட்டிய காய்ச்சலுக்குக் காரணமான கிருமியை டேவிட் புரூஸ் 1887-இல் கண்டறிந்தார். நலமாகத் தோன்றிய ஆடுகளிலேயே அக்கிருமி இருப்பதை 1905-இல் தெமிஸ்டோகிளீஸ் சம்மிட் கண்டார். அதன்பின் ஆட்டுப்பாலே நோயைப் பரப்பியது என்பது தெளிவாயிற்று.

குட்டியைக் காக்கும் மேடை

பால் கறக்காதவருக்கும் இம்மேடை தேவையே. சில ஆடுகள், குறிப்பாகத் தலைச்சன் ஈற்றில், குட்டியை முட்டித் தள்ளும். பிறந்த குட்டியின் குடல் சீம்பாலிலுள்ள நோய் எதிர்ப்புப் பொருள்களை முதல் நாளில்தான் அப்படியே உறிஞ்சும். நேரம் செல்லச் செல்ல அத்திறன் குறைந்துவிடும். 2 கிலோ எடையுள்ள குட்டிக்கு முதல் நாளில் சுமார் 200 மி.லி. சீம்பால் பல தவணைகளில் வேண்டும். தாயை மேடையில் நிறுத்தி, குட்டியைக் காம்பருகே பிடித்து ஊட்டலாம். நாளைக்குப் பலமுறை இவ்வாறு செய்தால், பல தாய்கள் சில நாட்களில் குட்டியை ஏற்றுக்கொள்ளும். அப்படி ஒரு குட்டி பிழைத்தாலே மேடைக்கான செலவு ஈடாகிவிடும்.