ஒர்கோசோலோ: 'தெரிந்தது' என்றொரு முழக்கம்

வித்தோரியோ தெ செத்தாவின் 'ஒர்கோசோலோவின் கொள்ளைக்காரர்கள்' (1961) படத்தை ஒரு திரையிடலில் பார்த்தேன். இத்தாலியின் சார்தீனியாத் தீவிலுள்ள மலைக்கிராமம் ஒர்கோசோலோ. நடித்தவர்கள் அந்தப் பகுதி இடையர்களே. செய்யாத கொலைக்காகத் தேடப்படும் ஒருவன் மந்தையோடு மலையேறுகிறான். ஆடுகள் செத்து விழுகின்றன. கடைசியில் இன்னொரு ஏழை இடையனின் மந்தையைத் துப்பாக்கி காட்டிப் பறிக்கிறான். 'அப்ப கடைசியில திருடன்தானே?' என்றார் பக்கத்திலிருந்த நண்பர். அவருக்கான பதில் படத்துக்கு வெளியே, நிலத்தின் வரலாற்றில் இருக்கிறது.

அங்கே மேய்ச்சல் நிலம் ஊருக்குப் பொதுவாக இருந்தது. 1820இல் சவோய் மன்னராட்சி ஓர் ஆணை பிறப்பித்தது: நிலத்தைச் சுவரெழுப்பி அடைத்துச் சொந்தமாக்கிக்கொள்ளலாம். வசதியுள்ளவன் வளைத்தான், அவ்வளவுதான். 1865இல் பொதுமேய்ச்சல் உரிமையும் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. 1868 ஏப்ரலில் பக்கத்து நகரமான நூவொரோவில் மக்கள் நகராட்சிக்குள் புகுந்து நிலவிற்பனை ஆவணங்களை எரித்தார்கள். அவர்களின் முழக்கம் 'சு கொன்னொத்து'. பொருள்: 'தெரிந்தது', வழிவழியாய் அறிந்தது. மரபு இங்கே பழம்பெருமை அல்ல. பறிபோன பொதுநிலத்தைத் திருப்பிக் கேட்கும் சொல்.

அதிகாரத்தின் சொல்லாடல் வேறு. 1897இல் நிச்சேபோரோ என்ற குற்றவியலாளர் இந்த மலைப்பகுதியைக் 'குற்றப் பிரதேசம்' என்றார். காரணத்தை இனத்தில் தேடினார். இடையர் ஊரான ஒரூனேயில் பிறந்த சட்டத் தத்துவவாதி அந்தோனியோ பில்யாரு 1959இல் எழுதிய நூல் இதைத் தலைகீழாக்குகிறது. பழிவாங்கல் வெறும் வெறியல்ல, எழுதப்படாத சட்டம் என்கிறார். ஆடு திருடுவது மட்டுமே அவமதிப்பு ஆகிவிடாது. வீட்டுப் பாலுக்கென்று வைத்திருக்கும் வெள்ளாட்டைத் திருடினால் அது அவமதிப்பு. குற்றம் எது என்பதை வயிறும் மானமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

இதை நான் போற்றவில்லை. 1903 முதல் 1917 வரை ஒர்கோசோலோவில் நடந்த குடும்பப்பகை எத்தனையோ பேரைக் காவு வாங்கியது. மரபுக்குள்ளும் வன்முறை உண்டு.

ஆனால் அதே ஊர் இன்னொன்றும் செய்தது. 1969இல் பிராத்தோபெல்லோ மேய்ச்சல் நிலத்தில் ராணுவம் சுட்டுப் பழகப் போகிறது, மந்தைகளை அப்புறப்படுத்துங்கள் என்று சுவர்களில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. ஜூனில் ஆண், பெண், பிள்ளைகள் என்று ஊரே போய் நிலத்தில் உட்கார்ந்துகொண்டது. ராணுவம் பின்வாங்கியது. துப்பாக்கி எடுத்துத் தனித்தனியாய் மலையேறிய ஊர், கூடி உட்காரக் கற்றுக்கொண்ட இடம் இது.

1975இல் பள்ளி ஆசிரியர் பிரான்செஸ்கோ தெல் காசீனோ மாணவர்களோடு சுவர்களில் வரையத் தொடங்கினார். இன்று அந்த ஓவியங்களைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். அப்பளம்போல் மெல்லிய ரொட்டியும், செம்மறிப்பால் பாலாடைக்கட்டியும், நான்கு குரல்கள் இணையும் 'தெனோரே' பாட்டும் சேர்ந்து 'பாரம்பரியம்' என்று விற்பனையாகின்றன. எதிர்ப்பு அஞ்சலட்டை ஆகிவிட்டதா? முழுக்க அப்படிச் சொல்லிவிட முடியாது. 2024இல் காற்றாலை, சூரியமின் நிறுவனங்கள் நிலத்தை வளைப்பதற்கு எதிரான மக்கள் மசோதாவில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட சார்தீனியர்கள் கையெழுத்திட்டார்கள். மசோதாவின் பெயர் 'பிராத்தோபெல்லோ 24'.

நண்பரே, திருடன் யார் என்பதை விடுங்கள். முதலில் சுவர் கட்டியது யார்?