மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் சூரிய உதய போட்டோ... எந்த மாசம் போனா கிடைக்கும்?

டிராவல் போட்டோகிராபின்னா சுவிட்சர்லாந்து, பாரிஸ் போனாத்தானா? 1984-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த மாமல்லபுரம், செங்கல்பட்டு மாவட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் மதிய வெயிலில் போய், நினைத்த படம் கிடைக்காமல் திரும்புபவர்கள் அதிகம். பிரச்னை கேமராவில் இல்லை, நேரத்தில்தான்.

எப்போது போகலாம்?

கடற்கரைக் கோயில் வளாகம் காலை 6 மணிக்குத் திறக்கும். மே, ஜூனில் 5.45-க்கெல்லாம் சூரியன் உதித்துவிடும். கேட் திறப்பதற்குள் அந்த வெளிச்சம் போய்விடும். ஜனவரியில் உதயம் சுமார் 6.30 மணி. உள்ளே போய் இடம் பிடிக்க அரை மணி நேரம் கிடைக்கும்.

அடுத்து எங்கே?

அர்ஜுனன் தபசு சிற்பம் கிழக்கு பார்த்தது. காலை வெயிலில் யானைகள் பளிச்சென்று தெரியும். மதியத்துக்கு மேல் நிழல் விழுந்துவிடும். சாலையோரத்தில் இருப்பதால் டிக்கெட் வேண்டாம். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் ஒரே டிக்கெட்தான், தூக்கிப் போட்டுடாதீங்க.

எதற்கு அனுமதி வேண்டும்?

செல்போனிலோ கையில் பிடித்த கேமராவிலோ படம் எடுக்கலாம். டிரைபாட் வைக்க தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கவிட்டால் சிக்கல்தான். தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையமும் இருப்பதை மறக்க வேண்டாம்.

கவனம்!

கடலோரப் பாறைகள் அலை பட்டு வழுக்கும், செல்ஃபிக்காக ஏறாதீங்க. மீனவர்கள் வலை இழுப்பதைப் படம் எடுக்கும் முன், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுடுங்க.