பிளக் கழல மறுத்தால்

திண்டுக்கல்காரர் யாரும் துருப்பிடித்த பூட்டில் சாவியை விட்டு முறுக்குவதில்லை. முறுக்கினால் சாவி ஒடியும், பூட்டும் வீணாகும். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, சற்றுப் பொறுத்து, இப்படியும் அப்படியுமாக அசைப்பார்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு ஊரின் இந்தக் கைப்பழக்கம், பழைய கார் என்ஜினில் சிக்கிய ஸ்பார்க் பிளக்குக்கும் அப்படியே பொருந்தும்.

1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற மாருதி 800-ஐ எடுத்துக்கொள்வோம். 796 சிசி என்ஜின். மூன்று சிலிண்டர், மூன்று பிளக். பிளக்கின் உடல் எஃகு. அது ஏறி உட்காரும் ஹெட் அலுமினியம். இரண்டு உலோகங்களுக்கு நடுவே ஈரம் புகுந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கும். அதில் அரிபடுவது அலுமினியம். அந்த அரிப்பு வெள்ளைத் தூளாகப் பூத்து மரை இடுக்கை அடைக்கும். அடிமரையில் கரி படியும். போன முறை மாட்டியவர் அளவுக்கு மீறி இறுக்கியிருந்தால் சிக்கல் இரட்டிப்பாகும்.

என்ஜின் நன்றாக ஆறட்டும். வயரை இழுக்காமல், தொப்பியைப் பிடித்துக் கழற்றுங்கள். பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணைக் காற்றடித்து ஊதிவிடுங்கள். இல்லையேல் அது சிலிண்டருக்குள் விழும். துரு இளக்கும் எண்ணெயை அடியில் விட்டு, ஓர் இரவு ஊறவிடுங்கள்.

காலையில் பிளக் ஸ்பேனரை நேராக வைத்து மெதுவாகத் திருப்புங்கள். கால் சுற்று வந்ததும் 'கீச்' என்று சத்தம் வரும், கை கனக்கும். அங்கே நிறுத்துங்கள். ஸ்பேனரில் குழாயைச் செருகி அழுத்தினால், அலுமினிய மரை சுருள் சுருளாகப் பெயர்ந்து பிளக்கோடு வந்துவிடும். மாறாக, வந்த வழியே சிறிது திரும்ப இறுக்கி, மறுபடி எண்ணெய் விட்டு, மீண்டும் தளர்த்துங்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக வரும். அடைத்திருந்த தூள் உதிர்ந்து எண்ணெயோடு வெளியேறுவதுதான் காரணம்.

அப்படியும் அசையாவிட்டால் எண்ணெயைத் துடைத்துவிட்டு, என்ஜினைச் சிறிது நேரம் ஓடவிட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போது முயலலாம். சூட்டில் அலுமினியம் எஃகைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும், பிடி தளரும். கொதிக்கும் சூட்டில் மட்டும் தொடவே கூடாது. மரை போய்விட்டால் துளையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, கம்பிச் சுருள் பதிக்க வேண்டும். பல சமயம் ஹெட்டையே இறக்க நேரும்.

புதுப் பிளக்கை விரலாலேயே கடைசிவரை ஏற்றுங்கள். வாஷர் உள்ள 14 மி.மீ. பிளக்குக்கு அதன்பின் ஸ்பேனரால் அரைச் சுற்று போதும். இன்று அளவோடு இறுக்கிய பிளக், அடுத்த முறை முரண்டு பிடிக்காமல் கழன்று வரும்.