இலை மஞ்சளானால் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள்! - வெற்றிலைக் கொடிக்கால் சொல்லித்தரும் மணி பிளான்ட் வளர்ப்பு

ஏற்காட்டுக்குப் போய்விட்டு வெறுங்கையோடு மலையிறங்கும் குடும்பங்கள் குறைவு. காபித்தூள், மிளகோடு காரின் பின்சீட்டில் ஒரு செடித்தொட்டியும் வந்துவிடும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், குளிர்ந்த காற்றில் பளபளவென்று நின்ற செடி அது. சேலத்து வீட்டு ஹாலில், டி.வி. பக்கத்து மூலையில் இடம் பிடிக்கும்.

ஒரு மாதத்தில் ஓர் இலை மஞ்சளாகும். ‘தண்ணி பத்தலையோ’ என்று வீட்டில் யாராவது ஒரு சொம்பு ஊற்றுவார்கள். அடுத்த வாரம் இன்னும் இரண்டு இலை மஞ்சளாகும். இன்னொரு சொம்பு. கடைசியில் பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து, அழுகி, கையோடு வந்துவிடும்.

வீட்டுக்குள் வைக்கும் செடிகள் தண்ணீர் இல்லாமல் சாவதைவிட, தண்ணீர் அதிகமாகிச் சாவதுதான் அதிகம். அதிலும் வெளிச்சம் குறைந்த மூலையில் இருக்கும் செடிக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். காரணம் எளிமையானது. வெளிச்சம் குறைந்தால் இலையின் வேலை குறையும். இலையின் வேலை குறைந்தால் வேர் உறிஞ்சும் தண்ணீரும் குறையும். மிச்சத் தண்ணீர் தொட்டியிலேயே தேங்கி, வேருக்குக் காற்று கிடைக்காமல் செய்துவிடும்.

நிழல் வேறு, இருட்டு வேறு

இந்தப் பாடம் நாமக்கல் மாவட்டத்துக்குப் புதிதல்ல. காவிரிக் கரையில் பரமத்தி வேலூர், பொத்தனூர், பாண்டமங்கலம் பக்கம் போனால் வெற்றிலைக் கொடிக்கால்களைப் பார்க்கலாம். வெற்றிலையும் நேரடி வெயில் தாங்காத, நிழல் விரும்பும் கொடிதான். அதனால் முதலில் அகத்தியை விதைக்கிறார்கள். அது வளர்ந்து நிழல் தரத் தொடங்கிய பிறகே வெற்றிலைக் கொடியை நடுகிறார்கள். கொடி பற்றி ஏறவும் அகத்திதான், குடை பிடிக்கவும் அகத்திதான்.

ஆனால், அகத்தியை அதன் போக்கில் அடர்த்தியாக விட்டுவிடுவதில்லை. கிளைகளை அவ்வப்போது கழித்து, தேவையான வெளிச்சம் உள்ளே வரும்படி பார்த்துக்கொள்கிறார்கள். பாத்திகளுக்கு நடுவே வாய்க்கால் எடுத்து, தண்ணீர் நிற்காமல் வடியவும் வழி செய்கிறார்கள். ஈரம் வேண்டும்; தேங்கக் கூடாது. தேங்கினால் வாடல் நோய் வந்து கொடி அடியிலேயே அழுகிவிடும் என்பது கொடிக்கால்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். தொட்டிச் செடியின் வேர் அழுகலுக்கும் பெரும்பாலும் அதே வகை நீர்விரும்பிப் பூஞ்சைகள்தான் காரணம்.

மணி பிளான்ட்டின் பூர்வீகம் பசிபிக் பெருங்கடலில், டஹிட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் மோரியா தீவு. காட்டில் பெரிய மரங்களைப் பற்றி ஏறும் கொடி இது. மர இலைகளின் இடையே வடிந்து வரும் வெளிச்சத்தில் வளர்ந்து பழகியது. அதாவது, அகத்தி நிழல் போன்ற வெளிச்சம்தான் அதற்கும் தேவை. ‘நிழலில் வளரும்’ என்று நர்சரியில் சொல்வதை ‘இருட்டிலும் வளரும்’ என்று எடுத்துக்கொள்வதில்தான் தவறு தொடங்குகிறது.

வெளிச்சம் போதுமா? இரண்டு சோதனைகள்

* செடி வைக்கப்போகும் இடத்தில், பகல் 12 மணிக்கு லைட் போடாமல் பத்திரிகையின் சின்ன எழுத்தைச் சிரமமில்லாமல் படிக்க முடிந்தால் மணி பிளான்ட் அங்கே பிழைக்கும்.
* அதே இடத்தில் வெள்ளைத் தாளின் மேல் கையை நீட்டுங்கள். மங்கலான நிழல் விழுந்தால் நல்ல இடம். வெட்டினாற்போல் கறுப்பு நிழல் விழுந்தால் வெயில் அதிகம். நிழலே விழவில்லை என்றால் அது செடிக்கான இடமல்ல.

கிழக்கு ஜன்னல் ஓரம் மிகவும் ஏற்றது. மேற்கு ஜன்னல் என்றால் சித்திரை, வைகாசியில் திரைச்சீலை அவசியம். பிற்பகல் வெயில் இலையைச் சுட்டுவிடும். ஏ.சி. காற்று நேராக அடிக்கும் இடமும் வேண்டாம். டி.வி. மூலையில்தான் வைக்க வேண்டும் என்றால் இரண்டு தொட்டிகளாக வளர்த்து, 15 நாளுக்கு ஒருமுறை ஜன்னல் ஓரத்துக்கும் மூலைக்கும் இடம் மாற்றிவிடலாம்.

தண்ணீருக்கு நாள் கணக்கு வேண்டாம்

‘வாரம் இரண்டு முறை’ என்ற கணக்கு எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. மே மாதத்தில் ஜன்னல் ஓரம் நிற்கும் தொட்டி மூன்று நாளில் காய்ந்துவிடலாம். ஐப்பசி மழையில், மூலையில் இருக்கும் தொட்டிக்கு இரண்டு வாரம்கூடத் தண்ணீர் தேவைப்படாது. ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் விட்டுவிடுங்கள். காய்ந்திருந்தால், அடி ஓட்டை வழியாக வழியும்வரை ஊற்றுங்கள். பிறகு அடித்தட்டில் நிற்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். சேலம், நாமக்கல் மாவட்டங்களில் பல இடங்களில் போர்வெல் தண்ணீர் உப்பும் கடினமும் கொண்டது. சில பகுதிகளில் ஃபுளோரைடும் உண்டு. மணி பிளான்ட் இதை ஓரளவு தாங்கும். ஸ்பைடர் பிளான்ட், டிராசீனா போன்றவை தாங்காது. இலை நுனி பழுப்பாகிக் காய்ந்துவிடும். காவிரிக் குடிநீர் வரும் வீடுகளில் அதையே ஊற்றலாம். மழைநீர் இருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. ‘வீணாகப் போகுதே’ என்று ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவு நீரைச் செடிக்கு ஊற்றுவது பல வீடுகளில் வழக்கம். அந்த நீரில் உப்பு இன்னும் அடர்த்தியாக இருக்கும். அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

மண்ணும் உரமும்

செம்மண் ஒரு பங்கு, உப்பு போகக் கழுவிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. இதுவே போதும். அடியில் ஓட்டை இல்லாத பீங்கான் தொட்டி அழகாக இருந்தாலும், அதில் நேரடியாக நட வேண்டாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் தூவினால் போதுமானது.

நாமக்கல் பக்கம் கோழி எரு சுலபமாகக் கிடைக்கும். ஆனால் மக்காத கோழி எருவைத் தொட்டியில் போட்டால் அதன் அமோனியா வேரைக் கருக்கிவிடும். வீட்டுக்குள் நாற்றமும் ஈயும் வரும். நன்றாக மக்கியதைத் தோட்டத்துச் செடிகளுக்குப் பயன்படுத்தலாம்.

இலை என்ன சொல்கிறது?

* மண் ஈரமாக இருக்கும்போதே பல இலைகள் மஞ்சளானால்: தண்ணீர் அதிகம்.
* இலை துவண்டு, தொட்டியைத் தூக்கினால் லேசாக இருந்தால்: தாகம்.
* இலைக்கு இலை இடைவெளி நீண்டு, புது இலை சிறுத்தால்: வெளிச்சம் போதாது.
* மஞ்சள், வெள்ளைத் திட்டுகள் மறைந்து முழுப் பச்சையானால்: அதுவும் வெளிச்சக் குறைவுதான்.
* அடியில் எப்போதாவது ஓர் இலை மட்டும் மஞ்சளாகி உதிர்ந்தால்: வயதான இலை, கவலை வேண்டாம்.

வேர் அழுகியிருந்தாலும் செடியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. நல்ல தண்டாகப் பார்த்து, கணுவுக்குக் கொஞ்சம் கீழே வெட்டி, கணு மூழ்கும்படி தண்ணீரில் வைத்தால் இரண்டு மூன்று வாரங்களில் வேர் விடும். கொடி நீண்டு அடிப்பகுதி மொட்டையாகிவிட்டாலும் இதே வழிதான். கொடிக்காலில் உயரமாக ஏறிவிட்ட வெற்றிலைக் கொடியை இறக்கி, அடித்தண்டை மண்ணில் பதித்து மறுபடி ஏற்றுவார்கள். அதன் பிறகு புதுத் தளிர் வரும். மணி பிளான்ட்டிலும் வெட்டிய துண்டுகளை அதே தொட்டியில் நட்டால் செடி அடர்ந்து வரும்.

குழந்தையும் கொசுவும்

மணி பிளான்ட் இலை பார்ப்பதற்கு வெற்றிலை போலவே இருக்கும். பாட்டி வெற்றிலை போடுவதைப் பார்க்கும் குழந்தை இதையும் கிள்ளி வாயில் வைக்கலாம். ஆனால் இது சேனை, சேம்பு குடும்பத்துச் செடி. சரியாக வேகாத சேனை தொண்டையை அரிக்க வைக்கும் அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இதன் இலையிலும் உண்டு. மென்றால் வாய் எரியும், நாக்கு வீங்கும். உடனே வாயைக் கழுவி, குளிர்ந்த நீர் கொடுங்கள். வீக்கமோ, விழுங்கவும் மூச்சுவிடவும் சிரமமோ இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பூனை, நாய்களுக்கும் இது ஆகாது. குழந்தை தவழும் வீட்டில் கைக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிடுவதே நல்லது.

இன்னொன்று, பாட்டிலில் வளரும் மணி பிளான்ட். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, வீட்டுக்குள் தேங்கும் இப்படிப்பட்ட நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். நம் ஊர் வெப்பத்தில் முட்டை கொசுவாக மாற 7 முதல் 10 நாள் போதும். 2017-ல் டெங்கு சேலம் மாவட்டத்தை எப்படிப் படுத்தியது என்பது பல குடும்பங்களுக்கு நினைவிருக்கும். எனவே வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை என்றே வைத்துக்கொள்ளுங்கள், பாட்டில் தண்ணீரை முழுவதும் கொட்டிவிட்டு, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். கொசு முட்டை பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் தேய்ப்பது முக்கியம். அதைச் செய்ய நேரமில்லை என்றால் மண்ணுக்கே மாற்றிவிடுங்கள்.

திருட வேண்டாம், கேட்டாலே கிடைக்கும்

மணி பிளான்ட்டைத் திருடி வைத்தால்தான் பணம் வரும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. உண்மையில் இந்தச் செடி தானாகப் பூப்பது மிக மிக அரிது. பூப்பதற்குத் தேவையான ஹார்மோனை உருவாக்கும் மரபணு இதில் சரியாக வேலை செய்வதில்லை என்று 2016-ல் வெளியான ஆய்வு கண்டறிந்தது. பூ இல்லை, விதையும் இல்லை. அதனால் ஒரு வீட்டுக் கொடியிலிருந்து இன்னொரு வீட்டுக்கு ஒரு துண்டாகத்தான் இது உலகம் முழுக்கப் போயிருக்கிறது.

பக்கத்து வீட்டு அக்கா ஒரு துண்டு கேட்டால், கணுவோடு வெட்டிக் கொடுங்கள். கூடவே, ‘விரலை விட்டுப் பார்த்துட்டுத் தண்ணி ஊத்துங்கக்கா’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.