அடுக்குமாடி வீட்டுக்குப் பராமரிப்புப் பணம் ஏன்? எவ்வளவு? யாரைக் கேட்பது?



சென்ற ஆடி மாதம் செவ்வாய்ப்பேட்டையில் கூட்டமைப்புக் கூட்டம் முடிந்து எல்லோரும் பஸ்ஸுக்குக் கிளம்பிக் கொண்டிருந்தார்கள். ஒரு உறுப்பினர் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மணிபர்ஸில் நாலாக மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். "மேடம், இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. எம்பொண்ணுக்கு வந்திருக்கு. ஊடு குடுத்தவங்களே இப்ப பணம் கேக்கறாங்க" என்றார்.

அவருடைய மகள் சேலம் டவுனில் கட்டிக் கொடுத்த பெண். மருமகனுக்கு வெள்ளிப் பட்டறையில் வேலை. ஓடை ஓரக் குடிசையில் இருந்தவர்களுக்கு வாரியத்தின் அடுக்குமாடியில் இரண்டாவது மாடி வீடு கிடைத்தது. வந்த காகிதம், 14 மாதப் பராமரிப்புக் கட்டணம் நிலுவை, மாதம் 250 வீதம் 3,500 ரூபாய் என்றது. "தவணைதான் மாசாமாசம் கட்டுதே, அப்புறம் இது எதுக்கு?" என்பது அம்மாவின் கேள்வி. குழுவில் 5,000 ரூபாய் உள்கடன் கேட்கவும் முடிவு செய்துவிட்டார். கொஞ்சம் பொறுங்கள், முதலில் கணக்கைப் பார்ப்போம் என்றேன். நம் உறுப்பினர்களில் டவுனில் பிள்ளைகள் இருப்பவர்கள் அதிகம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தவணை வேறு, பராமரிப்பு வேறு

1970-ல் தொடங்கிய தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம், 2021-ல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. வாரிய வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி அல்ல. சிலர் வாடகைக்கு இருக்கிறார்கள். சிலர் தவணை கட்டி வருகிறார்கள். கடைசித் தவணை கட்டிக் கிரயப் பத்திரம் பதிவாகும் வரை வீடு வாரியத்துடையதுதான். சிலர் பத்திரம் வாங்கி முழுச் சொந்தக்காரர் ஆகிவிட்டார்கள். மூன்று பேருக்கும் பராமரிப்புச் செலவு உண்டு. தவணை என்பது வீட்டின் விலை. பராமரிப்பு என்பது வீட்டுக் கதவுக்கு வெளியே இருப்பதற்கான செலவு. சொத்து வரியும் தண்ணீர் வரியும் மாநகராட்சிக்குப் போவது, அது மூன்றாவது கணக்கு. இவை மூன்றும் மனதில் ஒன்றாகக் குழம்பிப் போவதால்தான் பாதிச் சண்டை.

நம் ஊரில் ஓடு உடைந்தால் நாமே மாற்றிக் கொள்கிறோம். ஆனால் மாரியம்மன் பண்டிகைக்குத் தலைக்கட்டு வரி போடுவதில்லையா? பொதுக் கிணறு தூர் வார வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் செய்ததைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். அதே கதைதான் இது. படிக்கட்டு, மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி, மோட்டார், கழிவுநீர்க் குழாய், காம்பவுண்டு சுவர் எல்லாம் பொது. கட்டிடம் நிற்கும் மனையிலும் பத்திரம் வாங்கியவர் ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு. அதைப் 'பிரிக்கப்படாத பங்கு' என்று பத்திரத்தில் எழுதுவார்கள். இந்த இடம் எனது என்று கயிறு கட்டிக் காட்ட முடியாது, ஆனால் பங்கு இருக்கிறது.

மொட்டை மாடி ஒழுகினால் அது மேல்மாடிக்காரர் தலைவிதி என்று கீழ்வீட்டார் ஒதுங்கக் கூடாது. அது பொதுச் செலவு. மேல்வீட்டுக் குளியலறைக் குழாய் உடைந்து கீழ்வீட்டுச் சுவரில் ஊறினால் அதை மேல்வீட்டார்தான் சரி செய்ய வேண்டும்.

250 ரூபாய் எங்கே போகிறது?

நம் ரொக்கப் புத்தகம் எழுதுகிற மாதிரியே எழுதிப் பார்ப்போம். ஒரு பேச்சுக்கு 32 வீடு உள்ள, லிஃப்ட் இல்லாத ஒரு பிளாக் என்று வைத்துக் கொள்ளுங்கள். பெருக்கிக் குப்பை அள்ள மாதம் 3,200. மோட்டார், படிக்கட்டு விளக்குக்குக் கரண்டு 2,600. தொட்டி கழுவ மாதப் பங்கு 400. பல்பு, குழாய், அடைப்பு எடுப்பது என்று சில்லறைச் செலவு 1,000. ஆக மொத்தம் 7,200. 32 வீட்டுக்குப் பிரித்தால் 225 ரூபாய். மேலே 25 ரூபாய் சேர்த்து வாங்கினால் மாதம் 800, வருடத்துக்கு 9,600 ரூபாய் சேமிப்பு. மோட்டார் எரிந்து போனால் யாரிடமும் கையேந்த வேண்டாம்.

கரண்டு செலவு ஏன் இவ்வளவு என்று கேட்பீர்கள். வீட்டு மீட்டருக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். பொது மீட்டருக்கு அந்தச் சலுகை கிடையாது, அதற்குத் தனிக் கட்டணம். சென்னை பெரும்பாக்கம் மாதிரி தரைத்தளத்துக்கு மேல் ஏழு மாடி என்றால் லிஃப்ட் செலவும் சேரும். "நான் கீழ்வீடு, லிஃப்டுக்கு எதுக்குக் குடுக்கணும்?" என்ற சண்டை பணக்காரர் அடுக்குமாடியிலும் நடக்கிறது!

இப்போது 32 பேரில் 20 பேர்தான் கட்டுகிறார்கள் என்று வையுங்கள். வரவு 5,000, செலவு 7,200. முதலில் பெருக்குபவர் நிற்பார். அடுத்து மோட்டார் நிற்கும். "பணம் வாங்கறாங்க, ஒண்ணும் செய்யல" என்று கட்டிய 20 பேரும் நிறுத்துவார்கள். நம் குழுக்களில் ஒருவர் வாராக் கடன் வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இது வெறும் அசௌகரியம் இல்லை. 2021 டிசம்பர் 27 அன்று சென்னை திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியக் குடியிருப்பில் ஒரு பிளாக் இடிந்து விழுந்தது. 24 வீடுகள். 1993-ல் கட்டியது, முப்பது வருடம் கூட ஆகவில்லை. விரிசலைப் பார்த்து ஜனங்கள் முன்பே வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. கட்டிடம் விழுவதற்குக் காரணம் பராமரிப்பு ஒன்றே என்று சொல்ல மாட்டேன். கட்டிய தரம் கெட்டிருந்தால் மாதம் 250 ரூபாய் அதைத் தாங்காது, அதற்குப் பொறுப்பு கட்டியவர்களிடம்தான். விரிசல், இரும்புக் கம்பி தெரிவது, கூரைப் பூச்சு உதிர்வது போன்றவற்றை உடனே எழுத்து மூலமாக வாரியத்துக்குக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள்.

யார் வசூல் செய்யலாம்?

குடியிருப்போர் சேர்ந்து சங்கமாகப் பதிவு செய்து, அவர்களே வசூல் செய்து பராமரிக்க 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' என்ற திட்டம் வந்தது. மக்கள் கட்டும் பராமரிப்புத் தொகைக்கு இணையாக அரசும் பங்கு தருவது இதன் முக்கிய அம்சம். நம் கணக்கில் 32 வீடும் கட்டினால் 8,000, அரசு பங்கு இன்னொரு 8,000. கட்டாத வீட்டால் இரண்டு பக்கமும் நஷ்டம். பதிவு செய்த சங்கம் வருடம் ஒரு முறை பேரவை கூட்டி, தணிக்கை செய்த வரவு செலவை வைக்க வேண்டும். பில்லைக் காட்டு என்று கேட்பது உறுப்பினர் உரிமை. வாரியமே வசூல் செய்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. 10 ரூபாய் கட்டணத்தில் மனு போட்டு, எங்கள் பிளாக்குக்கு வசூல் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

இங்கிலாந்திலும் இதே பிரச்சினை உண்டு. அங்கே 1980 சட்டப்படி நகராட்சி வீடுகளை குடியிருந்தவர்களுக்கே நீண்ட காலக் குத்தகையில் விற்றார்கள். வாங்கியவர்கள் வருடா வருடம் சேவைக் கட்டணம் கட்டுகிறார்கள். பெரிய மராமத்தில் ஒருவர் பங்கு 250 பவுனுக்கு மேல் போகும் என்றால், நகராட்சி முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்துக் கருத்துக் கேட்க வேண்டும். கேட்காமல் வேலை செய்தால், பொதுவாக ஆளுக்கு 250-க்கு மேல் வசூலிக்க முடியாது. வேலை செய்த பிறகு சொல்வது செல்லாது, முன்னால் சொல்ல வேண்டும் என்ற அந்த ஒரு விஷயத்தை நாமும் சங்கக் கூட்டத்தில் தீர்மானமாகப் போட்டுக் கொள்ளலாம், தடை எதுவும் இல்லை.

இன்னொன்று, இது நம் உறுப்பினர்களுக்கு அவசியம். ஒதுக்கீடு பெற்றவரிடமிருந்து 20 ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி வாரிய வீட்டை வாங்கித் தருகிறேன் என்று புரோக்கர்கள் கிராமத்துக்கே வருகிறார்கள். கிரயப் பத்திரம் ஆகாத வீட்டை அப்படிக் கைமாற்றுவது செல்லாது. ஒதுக்கீடு ரத்தானால் நீங்கள் குழுவில் வாங்கிய கடன் மட்டும்தான் மிஞ்சும். பத்திரம் ஆன வீடு என்றாலும் வில்லங்கச் சான்று பாருங்கள், பராமரிப்பு நிலுவை இல்லை என்று எழுத்தில் கேளுங்கள்.

அந்தக் காகிதத்துக்கு வருகிறேன். மகளிடம் விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்தப் பெண் பணம் கட்டாமல் இல்லை. முதல் ஆறு மாதம் பிளாக்கில் ஒருவர் வீடு வீடாக வந்து 200 ரூபாய் வாங்கியிருக்கிறார். ரசீது கிடையாது. அவர் பிறகு வீட்டைக் காலி செய்து போய்விட்டார். வாரியக் கணக்கில் ஒரு பைசா ஏறவில்லை. ஒதுக்கீடு ஆணை மகள் பெயரில் இருப்பதால் நிலுவையும் அவள் பெயரில்தான். பெண்கள் பெயரில் வீடு கொடுப்பது நல்ல காரியம், ஆனால் கடனும் அந்தப் பெயரிலேயே வரும் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

போன 1,200 ரூபாய் போனதுதான். வாரிய அலுவலகத்தில் நிலுவை விவரம் எழுதி வாங்கி, மூன்று தவணையாகக் கட்ட மனு கொடுத்தோம். ஏற்றுக் கொண்டார்கள். உள்கடன் தேவைப்படவில்லை. இப்போது அந்தப் பிளாக்கில் பெண்கள் ஒரு நீளநோட்டு போட்டிருக்கிறார்கள். மாதம் 5-ஆம் தேதி சாயங்காலம் படிக்கட்டில் உட்கார்ந்து வசூல், உடனே ரசீது. நோட்டு எழுதுவது நம் உறுப்பினரின் மகள்தான். அம்மாவின் குழுப் பேரேட்டைப் பார்த்துக் கோடு போடக் கற்றுக் கொண்டாளாம். போன மாதம் 32 வீட்டில் 23 கையெழுத்து இருந்தது.