சாக்குப் பைக்காரர் கட்டிய ராஜ்யம்

"பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!" என்ற குரல் தெருக்கோடியில் கேட்டதும் ஓட்டை வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிய தலைமுறை நம்முடையது. சாப்பிட அடம் பிடித்தால், "சாக்குப் பைக்காரனிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன்" என்று நம் பெரியவர்கள் மிரட்டியதும் அதே ஆளைக் காட்டித்தான். அவர் பாவம், இரண்டணா லாபத்துக்காக வெயிலில் அலைந்தவர். ஆனால் நம் மனத்தில் அவர் பூதமாகவே தங்கிவிட்டார்.

இன்றைய குழந்தைகளின் கதைப் புத்தகங்களிலும் வீடியோ விளையாட்டுகளிலும் இந்தச் சாக்குப் பைக்காரர் புது வேடத்தில் உலவுகிறார். சூரியனே எட்டிப் பார்க்காத ஒரு மாயநகரம். அதன் அடியில் ஒரு பொந்து. ஊரார் வீசி எறிந்ததை எல்லாம் ஒருவன் இரவில் பொறுக்கிச் சேர்க்கிறான். யார் கண்ணிலும் படமாட்டான். தன்னை ஒதுக்கிய நகரத்தைப் பழிவாங்கும் நாளுக்காகக் காத்திருக்கிறான். கதை எதுவானாலும் ஆள் இவன்தான்.

இந்தக் கதையின் முக்கால் பாகம் நம் நாட்டில், நான் முப்பது ஆண்டுகளாகக் குடியிருக்கும் சண்டிகர் நகரில், உண்மையாகவே நடந்திருக்கிறது என்றால் நம்புவீர்களா? இரவு உண்டு, ரகசியம் உண்டு, சாக்குப் பை உண்டு, மாய ராஜ்யமும் உண்டு. பழிவாங்கும் இடத்தில் மட்டும் கதை வேறு பக்கம் திரும்பிவிட்டது. அந்தத் திருப்பத்தைப் பற்றி எழுதத்தான் இந்தக் கட்டுரை.

யார் இந்த மனிதர்?

நேக் சந்த் சைனி 1924ஆம் ஆண்டு பிறந்தவர். சொந்த ஊர் பெரியான் கலான் என்ற சிற்றூர். 1947இல் தேசம் பிரிந்தபோது அந்த ஊர் பாகிஸ்தான் பக்கம் போய்விட்டது. லட்சக்கணக்கான பஞ்சாபிக் குடும்பங்களைப் போலவே அவருடைய குடும்பமும் வீடு, வயல், கிணறு எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தியாவுக்குள் வந்து சேர்ந்தது.

லாகூரை இழந்த இந்தியப் பஞ்சாபுக்கு ஒரு தலைநகரம் வேண்டியிருந்தது. நேருவின் ஆர்வத்தால் சண்டிகர் உருவானது. சுவிட்சர்லாந்தில் பிறந்த பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் லெ கார்புசியே 1951இல் இதன் பொறுப்பை ஏற்றார். நேர்கோட்டுச் சாலைகள், எண் போட்ட செக்டார்கள், கான்கிரீட் மாளிகைகள் என்று காகிதத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுப்பிய நகரம் இது. 1950களின் தொடக்கத்தில் அங்கே பொதுப்பணித் துறையில் ரோடு இன்ஸ்பெக்டராக வேலைக்குச் சேர்ந்தார் நேக் சந்த். பெரிய படிப்பு இல்லை. சிற்பக்கலை எந்தப் பள்ளியிலும் கற்றவர் இல்லை.

புது நகரம் வெற்றுத் தரையில் எழும்பவில்லை. அங்கே ஏற்கெனவே பல கிராமங்கள் இருந்தன. அவை இடிக்கப்பட்டன. மண் சுவர், ஓடு, அடுப்பு, உடைந்த பானை, குழந்தைகளின் வளையல் எல்லாம் குவியல் குவியலாகக் கிடந்தன. தன் ஊரை அரசியல் கோட்டுக்குப் பறிகொடுத்த மனிதர், சம்பளம் வாங்கிக்கொண்டு, பிறர் ஊர்கள் சாலைக் கோட்டுக்குள் மறைவதைத் தினமும் பார்க்க வேண்டியிருந்தது. இதைவிடக் கசப்பான உத்தியோகம் ஒரு அகதிக்கு வாய்க்குமா?

சைக்கிளும் இரவும்

1950களின் பிற்பகுதியில் அவர் அந்தக் குவியல்களிலிருந்து பொறுக்கத் தொடங்கினார். ஆபீஸ் முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புவார். ஆற்றுப் படுகைகளுக்குப் போய், பறவை போலவும் மனிதர் போலவும் தோன்றும் கற்களைத் தேடி எடுத்து வருவார். காயலான் கடைக்குக்கூட ஆகாது என்று தள்ளிய சாமான்கள்தாம் அவருடைய செல்வம். உடைந்த பீங்கான் தட்டு, குளியலறை ஓடு, கழிப்பறைப் பீங்கான், கருகிய ஃப்யூஸ் கட்டை, காலித் தார் டிரம், வார்ப்பட ஆலைக் கசடு, துருப்பிடித்த சைக்கிள் ஹேண்டில்பார் என்று எதையும் விட்டுவைக்கவில்லை.

சுக்னா ஏரிக்குப் பக்கத்தில் காடடர்ந்த ஒரு பள்ளம் இருந்தது. யாரும் எதுவும் கட்டக்கூடாது என்று சட்டம் போட்டுக் காக்கப்பட்ட அரசு நிலம் அது. அங்கே ஒரு குடிசை போட்டுக்கொண்டு பொறுக்கியதை எல்லாம் சேர்த்தார். பகலில் அரசாங்கத்துக்கு ரோடு; இரவில் தனக்கு ராஜ்யம்! பழைய டயரைக் கொளுத்தி அந்த வெளிச்சத்தில் வேலை செய்தார்.

வேலை எப்படி நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சைக்கிள் சட்டம் மிருகத்துக்கு உடல் ஆகும். ஃபோர்க் கால் ஆகும். சீட் தலை ஆகும். இந்த எலும்புக்கூட்டின் மேல் சிமெண்டும் மணலும் கலந்து பூசி, ஈரம் காய்வதற்குள் வளையல் துண்டுகளையோ பீங்கான் சில்லுகளையோ வரிசையாகப் பதிப்பார். சிமெண்ட் இறுகியதும் ஒரு குரங்கோ, குடம் சுமக்கும் பெண்ணோ எழுந்து நிற்கும். தனியாக ஒன்றைப் பார்த்தால் குழந்தை விளையாட்டு போலத்தான் இருக்கும். நூற்றுக்கணக்கில் வரிசை கட்டி நிற்கும்போது மூச்சு நின்றுவிடும்.

அந்தப் பள்ளத்தில் முன்னொரு காலத்தில் சுக்ராணி என்ற ராஜ்யம் இருந்ததாக அவர் சொல்வார். சிறு வயதில் தாயார் சொன்ன ராஜா ராணிக் கதைகள் மனத்தில் ஊறிப்போயிருந்தன. அந்த ராஜ்யத்தைத்தான், மாதச் சம்பளக்காரரான இவர் ஏறத்தாழ 18 ஆண்டுகள் யாருக்கும் தெரியாமல் கட்டிக்கொண்டிருந்தார்.

குட்டு வெளிப்பட்டது

1970களில் விஷயம் அதிகாரிகளின் காதுக்குப் போனது. வந்து பார்த்தவர்கள் திகைத்தார்கள். ஏறக்குறைய 12 ஏக்கர் பரப்பில் முற்றங்கள், சந்துகள், சுவர்கள், நூற்றுக்கணக்கான உருவங்கள்! சட்டப்படி பார்த்தால் இது அரசு நிலத்தில் அத்துமீறல். இடித்துத் தள்ளவும் ஆளை வேலையிலிருந்து நீக்கவும் முழுக் காரணம் இருந்தது. ஊர் மக்கள் இவர் பக்கம் நின்றார்கள். நிர்வாகத்திலும் மனசாட்சி உள்ள சிலர் இருந்தார்கள். 1976இல் அது 'ராக் கார்டன்' என்ற பெயரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. நேக் சந்துக்குச் சம்பளத்தோடு சப்-டிவிஷனல் இன்ஜினீயர் பதவி கொடுத்து, 50 தொழிலாளர்களையும் உதவிக்கு அனுப்பினார்கள்.

கள்ளத்தனமாகக் கட்டியதற்குத் தண்டனையாகப் பதவி உயர்வு! நம் நாட்டு அரசு அலுவலகங்களின் சரித்திரத்தில் இப்படி இன்னொன்று உண்டா என்று எனக்குச் சந்தேகம்தான்.

அதன்பின் புகழ் வந்தது. 1983இல் ராக் கார்டன் தபால்தலையில் இடம் பெற்றது. 1984இல் பத்மஸ்ரீ கிடைத்தது. வாஷிங்டனில் குழந்தைகள் அருங்காட்சியகம் ஒன்றுக்காகவும் 1980களில் ஒரு தோட்டம் அமைத்தார். இங்குள்ள தோட்டமும் இருமடங்குக்கு மேல் விரிந்து அருவி, மண்டபம், ஊஞ்சல்கள் எல்லாம் சேர்ந்தன. 2015 ஜூன் 12 அன்று, தம் தொண்ணூறாவது வயதில் சண்டிகரிலேயே காலமானார்.

அத்தை கண்ட கொலு

ஊரிலிருந்து யார் வந்தாலும் நான் முதலில் அழைத்துப் போவது ராக் கார்டனுக்குத்தான். கும்பகோணத்திலிருந்து என் அத்தை வந்திருந்தபோதும் அப்படித்தான் போனோம். வாசல்கள் எல்லாம் மிகத் தாழ்வாக இருக்கும். எவ்வளவு பெரிய மனிதரானாலும் குனிந்துதான் நுழைய வேண்டும். ஒவ்வொரு வாசலுக்கும் முனகிக்கொண்டே வந்த அத்தை, படிப்படியாக நிற்கும் பொம்மை வரிசையைக் கண்டதும், "ஏம்ப்பா, இது நம்ம வீட்டுக் கொலு மாதிரியே இருக்கே!" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன். எனக்கு அது தோன்றியதே இல்லை. பிறகு அவர் ஒரு பெண் சிலையின் பக்கத்தில் போய்க் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். உடல் முழுவதும் வளையல் துண்டுகள். "உடைஞ்ச வளையலை வீட்டுக்குள்ளே வைக்கக் கூடாதும்பாங்க. இந்த மனுஷன் அதையே இவளுக்குச் சேலையா உடுத்தி விட்டிருக்காரே. எந்தெந்தக் கையில கிடந்ததோ!" என்றார். அத்தை தன் வளையல்களைக் கழற்றி இருபது வருஷம் ஆகியிருந்தது. நான் ஒன்றும் பேசவில்லை. "கால் வலிக்குதா அத்தை, போகலாமா?" என்று கேட்டதற்கு, "இரு, இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கிறேன்" என்றார்.

பழி எங்கே போயிற்று?

மாயநகரக் கதையில் வரும் பொறுக்கி, சேர்த்த பொருளை எல்லாம் ஆயுதமாக்கி ஊரின் மீது ஏவுவான். நேக் சந்த் கையில் அதே பொருள்கள் குடம் சுமக்கும் பெண்களாயின. வாத்தியக்காரர்களும் மயில்களும் வாத்துகளும் ஆயின. கிராமங்களை இடித்த நகரம் எதைக் குப்பை என்று தள்ளியதோ, அதையே ஒரு கிராமமாகத் திரும்பக் கட்டி, அந்த நகரத்தின் தலைமாட்டிலேயே வைத்துவிட்டார். சட்டமன்றமும் ஐகோர்ட்டும் இருக்கும் செக்டார் ஒன்றில்தான் ராக் கார்டனும் இருக்கிறது. அங்கே நேர்கோடு, இங்கே ஒரு பாதைகூட நேராக இல்லை. இதைப் பழி என்று சொல்வதானால், இதைவிட அழகான பழியை நான் கேள்விப்பட்டதில்லை.

தோட்டத்தின் மேல் பாய்ந்தவர்கள் வேறு ஆட்கள். 1990 வாக்கில் சாலை போடுவதற்காக புல்டோசர்கள் வந்து நின்றபோது, மக்கள் கைகோத்து மறித்துத்தான் காப்பாற்றினார்கள். 1996இல் அவர் வெளிநாடு போயிருந்த சமயத்தில் விஷமிகள் புகுந்து சிலைகளை உடைத்தார்கள். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஐகோர்ட்டுக்குச் செல்லும் சாலையையும் கார் நிறுத்துமிடத்தையும் விரிவாக்குவதற்காக மூன்றாம் பகுதிச் சுவரின் ஒரு பாகத்தை நிர்வாகமே இடித்தது. மக்கள் அங்கே கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இடிந்த ஊர்களின் மிச்சத்திலிருந்து பிறந்த தோட்டத்தின் சுவர் மறுபடியும் ஒரு சாலைக்காக இடிந்தது!

வண்டிகள் பெருகுகின்றன, வழி வேண்டும் என்பது நியாயமான கோரிக்கைதான். அரசு நிலத்தில் ஆளாளுக்கு ராஜ்யம் கட்டினால் ஊர் தாங்காது என்பதும் சரிதான். ஆனால், மாற்று இடம் தேடினால் கார் நிறுத்துமிடம் கிடைத்துவிடும். அந்தச் சுவரைக் கட்டிய கை இனிக் கிடைக்காது. இந்தக் கணக்கை 1976இல் இருந்த அதிகாரிகள் சரியாகப் போட்டார்கள் என்பதே என் கட்சி.

நம் வீட்டுப் பரண்

பிழைப்புக்காக ஊர் விட்டு வந்தவர்கள் நாம். நாம் யாரும் துரத்தப்பட்டு வரவில்லை; ரிசர்வேஷன் டிக்கெட்டோடு வந்தோம். நேக் சந்தின் இழப்போடு நம்முடையதை ஒப்பிடக் கூடாது. ஆனாலும் ஒவ்வொரு முறை வீடு மாற்றும்போதும், "இது எதற்கு, கபாடிக்காரனிடம் போட்டுவிடலாம்" என்ற பேச்சு நம் வீடுகளில் எழத்தானே செய்கிறது? மூக்கு உடைந்த கொலுப் பொம்மை, கல் சட்டி, காது போன இரும்பு வாணலி, தாத்தா கையெழுத்தில் வரவு செலவு நோட்டு எல்லாம் மலிவு விலைக்குப் போய்விடுகின்றன. எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள ஃபிளாட்டில் இடம் கிடையாது, தெரியும். ஒன்றே ஒன்றை மட்டுமாவது வைத்துக்கொண்டு, அது யாருடையது, எந்த ஊர்ச் சந்தையில் வாங்கியது என்று குழந்தைகளிடம் சொல்லிவிடுங்கள். பொருளோடு அதன் கதையும் போய்விட்டால்தான் அது உண்மையிலேயே குப்பை.

டெல்லி அன்பர்கள் காலைச் சதாப்தியில் ஏறினால் மூன்றரை மணி நேரத்தில் சண்டிகர் வந்துவிடலாம். குளிர்காலப் பகல் நேரம் உத்தமம். மேடு பள்ளமான பாதை என்பதால் பெரியவர்களுக்கு நல்ல செருப்பு அவசியம். வாசல்களில் தலை பத்திரம்! குழந்தைகளைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். எந்தச் சிலையில் எந்தச் சைக்கிள் பாகம் ஒளிந்திருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். நேரம் போவதே தெரியாது.