ஆப்பிரிக்காவைத் தேடினால் ஏரிக்கரை!

"குடவோலை கண்ட உத்திரமேரூர் பக்கத்துல இருந்துக்கிட்டு, ஆப்பிரிக்காவுல என்ன தம்பி தேடறே?" சாலவாக்கம் டீக்கடைப் பெரியவர் கேட்டார். என் கையில் 'சிதைவுகள்'. நைஜீரியாவின் சினுவா அச்சிபி 1958-ல் எழுதிய நாவல், தமிழில்.

கதை ரொம்ப சிம்பிள் சார். இக்போ இனத்து ஒக்கொங்வோ மல்யுத்த வீரன். வள்ளிக்கிழங்கு விளைவித்துப் பெரிய மனுஷன் ஆனவன். பாதிரியார் வருகிறார். பின்னாலேயே கோர்ட்டும் ஜெயிலும் வருகின்றன. நேற்றுவரை ஊர்ப் பெரியவர்கள் தீர்த்த வழக்கை, பாஷையே தெரியாத துரை தீர்க்கிறார். கடைசியில் ஒக்கொங்வோ தூக்கில் தொங்குகிறான். துரையோ, தான் எழுதப்போகும் புத்தகத்தில் இவனுக்கு ஒரு பத்தி ஒதுக்கலாமா என்று யோசிக்கிறார்!

பழைய ஊரை சொர்க்கமாகவும் காட்டவில்லை அச்சிபி. இரட்டைக் குழந்தை பிறந்தால் காட்டில் எறிகிற வழக்கம் அங்கே உண்டு. ஊர் ஒதுக்கியவர்கள்தான் முதலில் சர்ச்சுக்குப் போகிறார்கள். விரிசல் உள்ளேயே இருந்தது. துரை ஆப்பு அடித்தார், அவ்வளவுதான்.

நமக்கும் ஒரு துரை இருந்தார். சென்னை மியூசியத்தின் எட்கர் தர்ஸ்டன். ஜனங்களின் தலையையும் மூக்கையும் அளந்தவர். 1909-ல் தென்னிந்திய சாதிகள், பழங்குடிகள் பற்றி ஏழு தொகுதி போட்டார். அதில் இருளர்களும் உண்டு. நம்ம காஞ்சிபுரம், செங்கல்பட்டு பக்கம் பாம்பும் எலியும் பிடித்து, மூலிகை பறித்த அதே இருளர்கள்தான்.

காட்டை நம்பி வாழ்ந்தவர்களுக்கு 1882 சென்னை வனச் சட்டம் வேலி போட்டது. பிறகு வந்தது பாம்புத் தோல் வியாபாரம். சீமையில் யாரோ ஹேண்ட்பேக் மாட்ட, இங்கே பாம்புகள் செத்தன. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தோல் வியாபாரமும் நின்றது. நியாயமான சட்டம்தான். ஆனால் அடுப்பு எரிய வேண்டாமா?

இங்கேதான் நம்ம கதை நாவலிலிருந்து பிரிகிறது. ரோமுலஸ் விட்டேகர் துணையோடு 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. வடநெம்மேலியில் விஷத்தை எடுத்துக்கொண்டு பாம்பைத் திரும்ப விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து. சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா வரை போய் மலைப்பாம்பு பிடித்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ!

கைதட்டி விட்டு எழுந்துவிடாதீர்கள். எல்லோருக்கும் சங்கத்தில் இடமில்லை. 2019-ல் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 கொத்தடிமைகளை மீட்டார்கள். அவர்களும் இருளர்கள்தான்.

இத்தனைக்கும் பிறகும் மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் கூடுகிறார்கள். கன்னியம்மனைக் கும்பிடுகிறார்கள். கல்யாணமும் அங்கேயே, மணலில். ஒக்கொங்வோவின் ஊர் சிதைந்தது. இவர்கள் இன்னும் கூடுகிறார்கள்.

ஆனால் பிள்ளையைப் படிக்கவைக்க சாதிச் சான்றிதழ் வேண்டும். 'இருளர்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?' என்று கேட்பது இப்போது துரை இல்லை சார். நம்மைப்போல டிபன் பாக்ஸ் தூக்கி ஆபீஸ் போகிறவர்தான். உங்கள் மேஜைக்கு அப்படியொரு மனு வந்தால், 'நாளைக்கு வா' என்று மட்டும் சொல்லாதீர்கள். அவருக்கு நாளை என்பது இன்னொரு நாள் கூலி போச்சு என்று அர்த்தம்.